கூறைச்சேலையில் ஒரு சுல்தான்

அன்புள்ள அண்ணை,

இன்று உங்கள் வீட்டு அலுமாரியைத் திறந்ததும் பூச்சி உருண்டை வாசனை மூக்கில் அடித்தது. அக்கா உடுப்புகளை எடுத்துத் தர, நான் கட்டிலில் விரித்திருந்த சூட்கேசில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அடித்தட்டில், பழைய துவாய் ஒன்றில் சுற்றி, அந்தக் கூறைச்சேலை இருந்தது. உங்கள் கலியாணத்தன்று மணப்பெண்ணாக அக்கா உடுத்தியது. சிவப்பு இன்னும் மங்கவில்லை. தலைப்பில் ஊசி குத்தி இழுபட்ட கிழிசலும் அப்படியே இருந்தது. அதைக் கண்டு சிரித்துவிட்டேன். நீங்கள் கண்ணை மூடிய பிறகு அந்த வீட்டில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அந்தக் கிழிசலுக்குக் காரணம் முகம்மது பின் துக்ளக். நம் சங்கத்து ஆண்டு விழாவில் வழக்காடு மன்றம் வைப்போம் அல்லவா? ஊர்க் கோயில் திருவிழாக்களில் காவிய நாயகர்களைக் கூண்டில் ஏற்றி ஏற்றிப் பழகியவர்கள் நாங்கள். இங்கே லண்டனில், தோர்ண்டன் ஹீத் தேவாலய மண்டபத்துக்கு வந்தும் அதையே செய்துகொண்டிருந்தோம். நீங்கள்தான், "உவையளைப் பாவம் விடுங்கோ. இந்த முறை ஒரு சுல்தானை ஏத்துவம்" என்றீர்கள். நான் குற்றம் சாட்ட, நீங்கள் சுல்தானின் வக்கீல்.

எனக்கு அது சுலபமான வழக்கு என்றுதான் நினைத்தேன். தமிழில் விசர் வேலை, கிறுக்கு உத்தரவு எல்லாவற்றுக்கும் அவன் பெயரைத்தானே சொல்கிறோம். டில்லிவாசிகளைத் தேவகிரிக்கு அடித்து ஓட்டினான் என்றேன். பார்வையற்ற ஒருவரைக் கட்டி இழுத்துப் போனதில் கால் மட்டும்தான் போய்ச் சேர்ந்தது என்ற பழைய கதையையும் எடுத்துவிட்டேன். பித்தளைக் காசு வெள்ளிக் காசின் பெறுமதிக்குச் செல்லும் என்றான், ஊரெல்லாம் வீட்டுக்கு வீடு கள்ளக் காசு அடித்தது என்றேன். கங்கைக்கும் யமுனைக்கும் இடைப்பட்ட வயல்களுக்கு வரியைக் கூட்டினான், அந்த நேரம் பார்த்து மழையும் பொய்த்தது என்றேன். மண்டபம் கைதட்டியது. அப்போதுதான் நீங்கள் திரைக்குப் பின்னால் இருந்து வந்தீர்கள், தலையில் பென்னாம்பெரிய சிவப்புத் தலைப்பாகையோடு. முன்வரிசையில் இருந்த அக்காவின் முகத்தை நான் பார்த்தேன். தன் கூறையை அவ அந்த நேரம்தான் அடையாளம் கண்டா.

பேசப் பேசத் தலைப்பாகை அவிழ்ந்தது. நீங்கள் அதை ஒரு கையால் பிடித்தபடியே வாதாடினீர்கள். நான் "அவன்" என்ற இடத்திலெல்லாம் நீங்கள் "அவர்" என்றீர்கள். வடக்கே இருந்து படை வந்துகொண்டே இருந்தது, ராச்சியமோ மதுரை வரை நீண்டு கிடந்தது, நடுவில் ஒரு தலைநகர் வேண்டும் என்று ஒருவர் நினைத்தது விசரா என்று கேட்டீர்கள். வழி நெடுகத் தங்கும் மடங்கள் அமைத்ததையும், கள்ளக் காசென்று தெரிந்தும் கஜானாவைத் திறந்து வெள்ளி கொடுத்ததையும், பஞ்சத்தில் கிணறு வெட்டவும் விதைக்கவும் கடன் கொடுத்ததையும் அடுக்கினீர்கள். கடைசியில் உங்கள் துருப்புச் சீட்டு. அந்தச் சுல்தானிடம் நீதிபதியாக இருந்த மொரோக்கோப் பயணி பிறகு நம் யாழ்ப்பாண அரசனிடமும் விருந்தாளியாக வந்தவர், ஆகவே சுல்தான் நமக்குத் தூரத்துச் சொந்தம் என்று ஒரு போடு போட்டீர்கள். தலைப்பாகை முழுதாகவே அவிழ்ந்தது அப்போதுதான். அக்கா எழுந்து மேடைக்கு வந்து, அதை இறுக்கிக் கட்டி, தன் சேலையிலிருந்து ஊசியைக் கழற்றிக் குத்திவிட்டுப் போனா. அன்றைக்கு உங்கள் இருவருக்கும் விழுந்த கைதட்டலில்தான் நான் தோற்றேன்.

முடிக்கும்போது நீங்கள் குரலைத் தாழ்த்தினீர்கள். "என்ரை கட்சிக்காரர் செய்த பிழை ஒண்டே ஒண்டுதான். யோசிச்சவர், திட்டம் போட்டவர், காசு செலவழிச்சவர். ஆனால் போற சனத்தைக் கேட்டவரோ?"

மண்டபத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர், வெளிக்கிடு என்று யாரோ சொல்ல, அடுப்பில் சோற்றை விட்டுவிட்டு ஊரைவிட்டு வெளிக்கிட்டவர்கள். நீங்களும் அப்படித்தான்.

அதன் பிறகு "கேட்டவரோ?" நமக்குள் ஒரு பழக்கமாகிவிட்டது. கவுன்சில் பஸ் தரிப்பை மாற்றினாலும், சங்கம் விழா மண்டபத்தை மாற்றினாலும் நீங்கள் புருவத்தை உயர்த்துவீர்கள், நான் சொல்லுவேன்.

இனி இன்றைய கதை. உங்கள் மகன் வெஸ்ட் ஈலிங்கில் வீடு வாங்கியிருக்கிறான். அம்மாவைத் தன்னோடு கூட்டிப்போகப் போவதாகப் போன கிழமை போனில் சொன்னான். எனக்குச் சுரீர் என்றது. தோர்ண்டன் ஹீத்தில் அக்காவுக்கு எது இல்லை? மூலைக் கடையில் முருங்கையிலை, தெரிந்த டொக்டர், வழியில் மறித்துக் கதைக்க நாலு சனம்.

"சித்தப்பா, அங்கை ரூம் கீழ இருக்கு. பாத்ரூமும் பக்கத்திலை. ஷீ வில் பி சேஃப்," என்றான்.

"எல்லாம் சரி, அம்மாவைக் கேட்டனியோ?"

"அம்மா ஒண்டும் சொல்லேல்லை," என்றான்.

போதாதா எனக்கு? உங்கள் தலைப்பாகையை நானே கட்டிக்கொண்ட மாதிரி, அக்காவுக்காக வாதாட இன்று நான் இருக்கும் சட்டனில் இருந்து பஸ் ஏறி வந்தேன். வந்து பார்த்தால் சூட்கேஸ் திறந்து கிடந்தது. இழுத்துப் போகிறார்கள் என்று மனம் கொதித்தது, ஆனாலும் அக்கா எடுத்துத் தந்ததை அடுக்கினேன். கூறைச்சேலையைக் கையில் வைத்துக்கொண்டே பேச்சை ஆரம்பித்தேன்.

"அக்கா, உங்களுக்கு விருப்பமில்லையெண்டால் சொல்லுங்கோ. நான் அவனோடை கதைக்கிறன். ஒருத்தரும் உங்களை இஞ்சையிருந்து கிளப்ப ஏலாது."

அக்கா சேலையை வாங்கி, கிழிசலை விரலால் ஒருமுறை நீவிவிட்டு, "நான் போகத்தான் ஆசைப்படுறன், தம்பி," என்றா.

எனக்கு விளங்கவில்லை.

"அங்கை அம்மன் கோயில் நடை தூரம். எனக்கு லண்டனுக்கு வந்த நாளிலை இருந்து அந்தப் பக்கம் இருக்கத்தான் விருப்பம். தேருக்குப் போய் வாற ஒவ்வொரு முறையும், ட்ரெயினிலை திரும்பி வரேக்கை நினைப்பன்."

"அண்ணையிட்டைச் சொன்னனீங்களோ?"

"அவர் கேட்டால்தானே சொல்லுறது." அக்கா சேலையை மடித்தா. "வீட்டைப் பாத்து முடிவெடுத்திட்டுத்தான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினவர். கூறையையும் அப்பிடித்தானே எடுத்தவர்." சொல்லிவிட்டுச் சிரித்தா. கோபமே இல்லாத சிரிப்பு. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

அண்ணை, உங்களோடு எனக்கு இப்போது கோபம். நீங்கள் இருந்திருந்தால் முகத்துக்கு நேரே சொல்லியிருப்பேன். அறுநூறு வருசத்துக்கு மேல் ஆன ஒரு சுல்தானின் பிழையைச் சரியாகப் பிடித்த மனிசனுக்கு, முன்வரிசையில் இருந்த தன் மனுசியைத் தெரியவில்லை. நீங்கள் கெட்டவர் இல்லை. அக்காவுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்று நானே சாட்சி சொல்வேன். உங்கள் கட்சிக்காரரும் வழிநெடுக மடம் கட்டினவர்தானே.

பஸ்ஸில் திரும்பி வரும்போது இன்னொன்றும் தோன்றியது. டில்லிச் சனம் முழுக்க அழுதுகொண்டுதான் போனது என்று நான் வாதாடினேன். நீங்களும் அதை மறுக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாவது தேவகிரியைப் பார்க்க ஆசைப்பட்டிருப்பாள் என்று நம் இரண்டு பேருக்கும் படவே இல்லை. அவளையும் ஒருவரும் கேட்கவில்லை. இதை மட்டும் உங்களிடம் சொல்லி, நீங்கள் புருவத்தை உயர்த்துவதைப் பார்க்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். உங்களை நினைத்து மனம் வலித்தது.

அடுத்த கிழமை அக்கா போகிறா. மகனோடு சேர்ந்து நானும் சாமான் ஏற்றப் போவேன். கூறைச்சேலையை எனக்குத் தரட்டுமா என்று கேட்டா, உங்கள் நினைவாக. வேண்டாம், அது உங்களுடையது என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். அண்ணை, உங்கள் கேள்வி போதும் எனக்கு.

அதையும் சும்மா வைத்திருக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றியதும் நேரே குசினிக்குப் போய் என் மனுசியிடம் கேட்டேன்: "உமக்குச் சட்டனிலை இருக்க விருப்பமோ?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அதில் இருந்தாள்.

"இருங்கோ, சொல்லுறன்," என்றாள்.

தேத்தண்ணி ஆறிப்போய் நேரமாகிவிட்டது, அண்ணை. அவள் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.