சேனைக் கிண்ணம்

முருகன் துணை

மஸ்கெலியா,
5.3.1961

அன்பான பவுலின் அக்காவுக்கு, நாகலெட்சுமி கும்பிட்டு எழுதுவது.

நலமாக இருக்கிறேன் என்று எழுதத்தான் ஆசை. உங்களிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? எனக்கு இது ஐந்தாம் மாதம். முந்தின இரண்டும் ஏழாம் மாதத்தில் போனதால் வாய் திறக்கவே பயமாக இருந்தது. இப்போது கால் வீங்கத் தொடங்கிவிட்டது. மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகாதே, படுத்தே இரு என்று டாக்டர் ஐயா சொல்லிவிட்டார்.

போன தடவை டிக்கோயா ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்தீர்களே, அதை நினைத்துக்கொண்டே கிடக்கிறேன். உங்கள் மூன்றாவது பிள்ளை தவறிய அதே வாரத்தில் எழுந்து வந்து என் காலைப் பிடித்துவிட்டீர்கள். உங்கள் தோட்டத்தில் பேறுகாலப் பெண்கள் உங்களைத்தான் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்களாம். எனக்கும் வருவீர்களா அக்கா?

மறைக்காமல் ஒன்று எழுதுகிறேன். "புள்ள தங்காதவள யாராச்சும் பேறுகாலத்துக்குக் கூப்புடுவாங்களா?" என்கிறார் என் அத்தை. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் சீனித்தண்ணீரைச் சேனையாக வைப்பவரின் குணமும் ராசியும் பிள்ளைக்கு வரும் என்று, ஏழு பெற்று ஏழும் தங்கிய கங்காணி வீட்டு அழகம்மாவிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டார்.

உங்கள் தங்கை,
நாகலெட்சுமி

*

சேசு மரி சூசை

டிக்கோயா,
14.3.1961

தங்கச்சி நாகுவுக்கு அக்காள் பவுலினின் அன்பும் ஆசியும்.

ஐந்து மாதம் என்னிடம் மறைத்ததற்கு உன் காதைத் திருக வேண்டும். நேரில் வந்து திருகுகிறேன். அதுவரை இடது பக்கமாகப் படு. உப்பைக் குறை. கருவாட்டு வாசனை வந்தால் மூக்கைப் பொத்திக்கொள். தண்ணீர்க் குடத்தைச் செல்லசாமி தூக்கட்டும். புருஷன் குடம் தூக்கினால் வானம் இடிந்து விழுந்துவிடாது. என் வீட்டில் இராயப்பன் தூக்குகிறார், இன்னும் மீசை அப்படியேதான் இருக்கிறது.

நான் மருத்துவச்சி இல்லை. அந்த அம்மாவின் வேலையில் கை வைக்க மாட்டேன். பக்கத்தில் இருப்பேன், அவ்வளவுதான். என் பக்கத்தில் யாரும் இல்லாமல் மூன்று தடவை கிடந்திருக்கிறேன். அதனால்தான் போகிறேன்.

உன் அத்தை சொன்னது வருத்தமாகத்தான் இருக்கிறது. கோபம் இல்லை. அவருக்கும் பேரப்பிள்ளை வேண்டுமே. ஞாயிறுதோறும் வருவேன். உள்ளே விடாவிட்டால் வாசலில் உட்கார்ந்து பேசுவேன். சேனை வைக்கிற நேரத்தில் ஒதுங்கிக்கொள்வேன், பிள்ளையைத் தொட மாட்டேன் என்று அவரிடம் சொல். இது என் வாக்கு.

அக்காள்,
பவுலின்

*

முருகன் துணை

மஸ்கெலியா,
2.8.1961

என் உயிரைக் காத்த அக்காவுக்கு நாகலெட்சுமி எழுதுவது.

மகள் பிறந்து பதினெட்டு நாள் ஆகிறது. நன்றாகப் பால் குடிக்கிறாள். எனக்கும் வீக்கம் வடிந்துவிட்டது. நன்றி என்று எழுதினால் ரொம்பச் சின்னதாக இருக்கிறது, வேறு சொல்லும் தெரியவில்லை.

நாலு மாதம், ஒரு ஞாயிறு தவறவில்லை நீங்கள். முதல் ஞாயிறு தூறலில் நனைந்துகொண்டு வாசலில் உட்கார்ந்தீர்கள். மூன்றாம் ஞாயிறு அத்தை ஒரு சாக்கை எடுத்துப் போட்டார். ஆறாம் ஞாயிறு தேத்தண்ணீர் கொடுத்தார். ஏழாம் மாதம் தாண்டியதும் அவரே கதவைத் திறந்துவிட்டார், ஆனால் சேனை விஷயத்தை நினைவுபடுத்தாமல் விடவில்லை.

வலி வந்த அன்று என் முதுகை உங்கள் முதுகோடு சாய்த்து உட்கார வைத்தீர்கள். "நாகு, கூடையோட ஏழாம் நம்பர் மலை ஏறுறோம். செங்குத்துதான். பைய ஏறு, நான் பின்னாலதான் வாறேன்" என்றீர்கள். ஒவ்வொரு வலிக்கும் ஒரு தேயிலை மலை. பன்னிரண்டாம் நம்பரில் மகள் பிறந்தாள். பிறகு எனக்கு நினைவில்லை.

கண் விழித்தபோது நீங்கள் இல்லை. ஏன் அக்கா சொல்லாமல் போனீர்கள்? அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் வரவில்லை. அத்தை ஏதாவது சொன்னாரா? கேட்டால் அடுப்படிக்குப் போய்விடுகிறார். சேனையைப் பற்றிக் கேட்டாலும், "எல்லாம் ஆச்சு" என்பதோடு சரி. முப்பதாம் நாள் பேர் வைக்கிறோம். நீங்கள் வராமல் எப்படி?

நாகு

*

சேசு மரி சூசை

டிக்கோயா,
6.8.1961

நாகு,

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. குற்றம் என்னுடையது.

பிள்ளை பிறந்ததும் உனக்கு இரத்தம் நிற்கவில்லை. மருத்துவச்சி அம்மா பிள்ளையை என் கையில் திணித்துவிட்டு உன் பக்கம் திரும்பினார். உன் மகள் வாயைத் திறந்து திறந்து தேடினாள். ஜன்னலோரம் சேனைக் கிண்ணம் இருந்தது. அழகம்மாவுக்கு என்று வைத்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் என் விரல் போய்விட்டது. தொட்டு நாக்கில் வைத்தேன். சப்பினாள். என் மூன்றும் சப்பாமலே போனவை, நாகு.

பிறகுதான் உறைத்தது. கொடுத்த வாக்கை மீறிவிட்டேன். என் ராசி அவளுக்கு வந்து, நாளைக்கு அவளும் என்னைப்போல் வெறும் மடியோடு உட்கார்ந்தால்? அப்படியெல்லாம் இல்லை என்கிறார் எங்கள் பங்குச் சாமியார். அவர் பெண்ணாகப் பிறக்கவில்லை.

இதை அத்தைக்குப் படித்துக் காட்டு. திட்டினால் அதையும் எழுது. நான் வரவில்லை. தூரத்திலிருந்தே செபமாலை சொல்கிறேன்.

பவுலின்

*

முருகன் துணை

மஸ்கெலியா,
9.8.1961

அக்கா, படித்துக் காட்டினேன். அத்தை சொல்லச் சொல்லக் கீழே எழுதியிருக்கிறேன். ஒரு சொல்லும் என்னுடையது இல்லை. நாகு.

பவுலினு, நான் ராக்காயி பேசுறேன். வெந்நி எடுத்துக்கிட்டு நான் கதவுகிட்டதான் நின்னேன். நீ வெரல்ல தொட்டு வச்சதப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். தடுக்கணும்னா தடுத்திருப்பேன்.

அழகம்மா வந்தா. சேனை வச்சாச்சு, போயிட்டு வாத்தான்னு அனுப்பிட்டேன். கிண்ணத்துல இருந்த மிச்சத்த வாசல் ரோசாச் செடிக்கு ஊத்துனேன்.

அவ நல்லவதான், ஏழு பெத்தவ. ஆனா அடுத்தவ புள்ளைக்காக நாலு மாசம் மழையிலயும் பனியிலயும் வந்து உக்காந்த கொணம் அவகிட்ட இல்ல. என்கிட்டயும் இல்ல. அந்தக் கொணம் என் பேத்திக்கு வந்தாப் போதும். ராசிய சாமி பாத்துக்கட்டும்.

அப்பவே சொல்லியிருக்கணும். முன்ன நான் பேசுன பேச்ச நெனச்சு வெக்கமாப் போச்சு. என்னைய மன்னிச்சிரு ஆத்தா.

முப்பதாம் நாள் காலையில மொத பஸ்ஸுக்கே வந்துரு. புள்ள காதுல நீதான் பேரச் சொல்லணும். வாசல்ல சாக்கு கெடக்காது. உள்ள பாய் விரிச்சு வச்சிருப்பேன்.

ராக்காயி
கைநாட்டு