'மீட்பவர்' என்ற கட்டத்தில் என் பெயர்

அன்புள்ள மகளுக்கு,

நானும் அப்பாவும் நலம், இந்தக் கணக்கில் அப்பாவின் வலது தோளைச் சேர்க்கவில்லை. நீயும் உன் பத்து விரல்களும் நலமாக இருப்பதாக நம்புகிறேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. உங்கள் முகாமில் போனுக்குச் சிக்னல் கிடைப்பது மாதத்தில் நான்கு நாள்தான் என்று நீ வருத்தப்பட்டு எழுதியிருக்கிறாய், எனக்கு அதில் வருத்தமில்லை. போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அப்பா அதைப் பிடுங்கி அங்கே மழையா வெயிலா என்று கேட்க ஆரம்பித்துவிடுவார். இந்தக் கடிதத்தில் எழுதப்போவதை அவர் திருத்திச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஆகவே அவர் முடிவெட்டப் போயிருக்கும் நேரத்தில் எழுதுகிறேன்.

முதலில் நீ கேட்டவற்றுக்குப் பதில். சங்கிலி ரம்பத்துக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை அரம் போடுவது என்று கேட்டிருந்தாய், நாளைக் கணக்கில் வைக்காதே, கீழே விழும் தூளைப் பார். செதில் செதிலாக விழுந்தால் சங்கிலி கூர்மையாக இருக்கிறது, மாவு மாதிரி விழுந்தால் மொக்கை, அப்போது நீ மரத்தை அறுக்கவில்லை, தேய்த்துக்கொண்டிருக்கிறாய். எண்ணெய் நிரப்பும்போதெல்லாம் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டால் போதும். கைரம்பத்தை உறையில் போடாமல் ஒரு நிமிடம்கூட வைக்காதே, நம் வீட்டு மருந்துப் பெட்டியைக் காலி செய்தது பெரிய இயந்திரமில்லை, அந்தச் சின்னதுதான். பூட்ஸை மாலையில் கால் வீங்கியிருக்கும்போது வாங்கு, காலையில் வாங்கினால் கடைக்காரருக்குப் பொருந்தும், உனக்குப் பொருந்தாது. ஒற்றைக் கையால் ரம்பத்தைப் பிடிக்காதே. அப்பா பிடிப்பாரே என்று பதில் எழுதாதே, அப்பா செய்வதையெல்லாம் பட்டியல் போட்டு அதற்கு நேர்மாறாக எழுதினால் உங்கள் தொழிலுக்கு நல்ல கையேடு ஒன்று கிடைக்கும். வீட்டுக்காரர்கள் கொஞ்சம் வெளிச்சம் வந்தால் போதும் என்பார்கள், நீ உச்சிக்குப் போன பிறகு அந்தக் கிளையையும் எடுத்துவிடு என்பார்கள், எடுத்த மறுநாள் மரம் மொட்டையாகிவிட்டது என்று போன் செய்வார்கள். ஏறுவதற்கு முன் அவர்களையே கிளைகளைக் காட்டச் சொல்லிப் படம் எடுத்து வைத்துக்கொள், மேலேயிருக்கும்போது உனக்குக் காது கேட்காது என்று வைத்துக்கொள். தண்ணீரைப் பையில் வைத்துக்கொண்டு ஏறு, தாகத்துக்காக இறங்கச் சோம்பல்பட்டு மயங்கியவர்களை எனக்குத் தெரியும், அவர்களில் ஒருவரோடு குடித்தனம் நடத்துகிறேன்.

இனி நீ கேட்காததற்கு வருகிறேன். கடைசிப் பக்கத்தில், சோப்புத் தீர்ந்துவிட்டது என்பதற்கும் அறைத்தோழி குறட்டை விடுகிறாள் என்பதற்கும் நடுவில், ஒரு செய்தியைச் செருகியிருந்தாய். அடுத்த மாத முதல் வாரம் எண்பது அடி மரம் ஒன்றில் ஏறப்போகிறாய், உனக்குக் கீழே கயிறு பிடிக்க மூன்று வாரத்துக்கு முன் சேர்ந்த ஒருவர், முன்பு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், இதுவரை ஏணியைத் தவிர எதிலும் ஏறாதவர். மேஸ்திரி வேலைக்கு முன் நிரப்பும் பாதுகாப்புப் படிவத்தை நீட்டி, மேலே மாட்டிக்கொண்டவரை ஏறி இறக்க வேண்டிய 'மீட்பவர்' என்ற கட்டத்தில் அந்தக் கண்டக்டரின் பெயரைப் போடச் சொன்னார், நீயும் போடப்போகிறாய். அதற்குக் கீழே, 'அது வெறும் கட்டம்தானேம்மா, நீங்களும் அப்படித்தானே போடுவீங்க' என்று எழுதியிருக்கிறாய். இரண்டு நாளாக அந்த வரியைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். பதினோரு வருடமாக நம் படிவத்தில் அந்தக் கட்டத்தில் என் பெயரைத்தான் எழுதி வந்தேன். நீ எங்களோடு வேலை செய்த நான்கு வருடமும் அது பாதி உண்மை, கூட ஏற நீ இருந்தாய். மற்ற ஏழு வருடமும் முழுப் பொய், நான் ஸ்டூல் மேல் ஏறினாலே சுவரைப் பிடித்துக்கொள்பவள் என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏணியைத் தூக்கும்போது தோள் பிடித்துக்கொண்டது என்று அப்பா உன்னிடம் போனில் சொன்னது உண்மையில்லை, பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நானும் சும்மா இருந்தேன்.

நடந்தது இதுதான். ஆறு வாரத்துக்கு முன் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வீட்டில் வேலை, பின்பக்கத்து மரம் சமையலறைக் கூரை மேல் சாய்ந்திருந்தது. அப்பா நாற்பது அடியில் இருந்தார். தன்னை மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளும் இடுப்புப் பட்டையை அப்போதுதான் புதிதாக வாங்கியிருந்தார், பழுப்பு நிறம், அழுக்குத் தெரியாது என்பது அவர் வாதம். அழுக்கு மட்டுமில்லை, பட்டையே தெரியவில்லை, மரத்தைச் சுற்றிக் கட்டினால் மரப்பட்டை மாதிரியே இருந்தது. முப்பது வருட அனுபவசாலி கிளையோடு சேர்த்துத் தன் இடுப்புப் பட்டையையும் அறுத்துக்கொண்டார். மேலே கிளையில் கட்டியிருந்த வெள்ளைக் கயிறு பிடித்துக்கொண்டது, ஆனால் அவர் ஊஞ்சல் மாதிரி வீசி வந்து வலது தோளைத் தண்டில் இடித்துக்கொண்டார், தோள் மூட்டு இறங்கிவிட்டது. பிறகு மேலேயிருந்து ஒன்றுமில்லை என்றார். இருபத்தைந்து வருடத்தில் அவர் ஒன்றுமில்லை என்று சொன்ன எந்தச் சமயத்திலும் ஒன்றுமில்லாமல் இருந்ததில்லை. வீசிய வேகத்தில் கயிற்றின் பிடிமுடிச்சு இறுகிவிட்டது, அதைத் தளர்த்தினால்தான் இறங்க முடியும், தளர்த்த இரண்டு கை வேண்டும், அவரிடம் ஒன்றுதான் வேலை செய்தது. தீயணைப்பு நிலையத்துக்குக் குட்டி போன் செய்தான், வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். நம் லாரி ஓட்டும் குட்டியைத்தான் சொல்கிறேன், நீ போன பிறகு இன்னும் பருத்திருக்கிறான், இடுப்பையும் தொடையையும் சுற்றி மாட்டும் ஹார்னஸில், கால் வளையம் இப்போது அவன் கைக்குத்தான் சரியாக இருக்கும்.

ஹார்னஸில் அசையாமல் தொங்கினால் காலில் இரத்தம் தேங்கி ஆள் மயங்கிவிடுவார் என்று படித்திருக்கிறேன், படிப்பு எனக்குக் கொடுத்தது அவ்வளவுதான். காலை ஆட்டிக்கொண்டே இருங்கள் என்று கத்தினேன். அப்பா வெட்கப்பட்டு லேசாக ஆட்டினார். தலைமையாசிரியர் என்னை ஒதுங்கச் சொல்லிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, லெஃப்ட் ரைட் சொல்ல ஆரம்பித்தார், அப்பாவும் நாற்பது அடி உயரத்தில் அணிவகுத்துப் போகத் தொடங்கினார். அப்போது குட்டி என்னைப் பார்த்தான். அவன் கேலிக்குக் கேட்கவில்லை, லாரியில் தொங்கும் படிவத்தைத் தினமும் படிக்கிறவன், உண்மையாகவே காத்துக்கொண்டிருந்தான். 'அக்கா, உங்க பேர்தானே போட்டிருக்கு' என்றான்.

உன்னுடைய பழைய ஹார்னஸ் பெட்டியில் இருந்தது. முதலில் பின்பக்கம் முன்னால் வரும்படி மாட்டினேன், அணிவகுப்பை நிறுத்திவிட்டு அப்பா மேலேயிருந்து அதைச் சுட்டிக்காட்டினார், தலைமையாசிரியர் அவரைப் பேசாமல் நடக்கச் சொன்னார். மீட்புக் கயிறு என்று தனியாக ஓர் ஆரஞ்சு நிறக் கயிறு மரத்தில் தயாராகத் தொங்கியது, படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் உண்டு என்பதால் அப்பா ஒவ்வொரு வேலையிலும் அதைக் கட்டிவிடுவார். அவர் கட்டத்தை அவர் உண்மையாக நிரப்பியிருந்தார் என்பதை எழுதித்தான் ஆக வேண்டும். காலை ஒரு கண்ணியில் வைத்து எழுந்தால் எட்டு அங்குலம் ஏறலாம். நாற்பது அடி என்பது கீழேயிருந்து பார்த்தால் நாற்பது அடி, ஏறினால் அறுபது தடவை. எந்த முடிச்சு எதற்கு என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி, உனக்கே நான்தானே படம் வரைந்து கொடுத்தேன், ஆனால் காகிதத்தில் முடிச்சுப் போடும்போது கை நடுங்காது. அந்த வகை மரத்தின் பட்டையைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் எண்பது பக்கம் ஆய்வு எழுதினேன், அத்தனை பக்கத்திலும் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. பாதி வழியில் நின்றேன். தலைமையாசிரியர் இருபத்தாறு நிமிடம் ஆயிற்று என்று அறிவித்தார், தேர்வு அறையில் சொல்வார்களே அந்தக் குரலில், பழக்கதோஷத்தில் மறுபடி ஏற ஆரம்பித்துவிட்டேன்.

மேலே போய் அப்பாவை என் ஹார்னஸோடு கொக்கி போட்டு இணைத்தேன். இனி அவருடைய கயிற்றை அறுத்தால்தான் இருவரும் ஆரஞ்சுக் கயிற்றில் இறங்க முடியும். அது போன மாதம் வாங்கிய கயிறு, அறுக்காமல் வேறு வழி பார் என்றார். தோள் தனியாகத் தொங்குகிறது, முகம் வெளுத்துவிட்டது, கயிற்றுக்காக வாதாடுகிறார். நான் கைரம்பத்தை எடுத்ததும் அடங்கினார். 'கொக்கி பூட்டியிருக்கான்னு பாத்துட்டு அறு' என்றார். பார்த்துவிட்டேன் என்றேன். 'இன்னொரு தடவை பாரு' என்றார். அந்தக் குரலை இதுவரை நான் கேட்டதில்லை. இன்னொரு தடவை பார்த்தேன். பிறகு எது ஆரஞ்சு எது வெள்ளை என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வெள்ளையை அறுத்தேன், ஆகவே உன் கயிறுகளை வேறுவேறு நிறத்தில் வாங்கு, பழுப்பில் எதையும் வாங்காதே. இறங்கி வந்த எங்கள் இருவரையும் குட்டி மூட்டை மாதிரி வாங்கிக்கொண்டான். ஐம்பத்தொரு நிமிடம் என்று தலைமையாசிரியர் முடிவை வெளியிட்டார்.

அதற்குப் பிறகுதான் தீயணைப்பு வண்டி வந்தது. அதிகாரி நல்லவர், அப்பாவை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு எங்கள் படிவத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார், மீட்பவர் யார் என்றார், நான்தான் என்றேன். என் தலையில் சருகும் முழங்கையில் இரத்தமும் இருந்தன. எல்லாம் முறைப்படி இருக்கிறது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மேலேயிருந்தபோது வராத பயம் எனக்கு அப்போதுதான் வந்தது. அன்று காலையிலும் அந்தத் தாள் அதே மாதிரிதான் இருந்தது. அப்பா நினைவோடு இருந்தார், ரம்பம் பட்டையோடு நின்றது, தொடையில் படவில்லை, வாய் கடைசிவரை வேலை செய்தது. இவற்றில் ஒன்று மாறியிருந்தாலும் ஐம்பத்தொரு நிமிடத்தில் நான் இறக்கியிருப்பது வேறு. இதை உன்னிடம் சொல்லாமல் ஆறு வாரம் இருந்தது என் தவறு, உன் கடிதத்தில் நான் ஒரு முன்னுதாரணமாக வந்து நிற்கும்வரை அது தவறு என்று எனக்குத் தோன்றவுமில்லை.

இப்போது சனிக்கிழமைதோறும் லாரி நிறுத்துமிடத்துக்குப் பின்னால் உள்ள மரத்தில் பயிற்சி நடக்கிறது. அப்பாவின் எடைக்கு ஒரு மணல் மூட்டையை மேலே தொங்கவிட்டு நான் ஏறி அதை இறக்குகிறேன். அப்பா கையைத் தூளியில் போட்டபடி நாற்காலியில் உட்கார்ந்து விமர்சனம் செய்கிறார், மூட்டையை இன்னும் மரியாதையாகப் பிடிக்க வேண்டுமாம். இதுவரை என் சிறந்த நேரம் பத்தொன்பது நிமிடம். பத்துக்குள் வரும்வரை அந்தக் கட்டத்தில் பெயர் எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டேன், ஆகவே உயரத்து வேலை எதையும் எடுப்பதில்லை, வேலிச் செடிகளைக் கத்தரிக்கிறோம். ஓர் உயிரினம் இடுப்பளவு மட்டுமே வளர்வதை அப்பா தனிப்பட்ட அவமானமாக எடுத்துக்கொள்கிறார்.

நீ செய்ய வேண்டியது இது. அந்த மரத்துக்கு முன்னால், பத்தடி உயரத்தில் ஒரு கிளையில் நீ தொங்கு, மயங்கியவள் மாதிரி கையைக் காலை விட்டுவிடு, எந்த உதவியும் செய்யாதே, வாயைத் திறக்காதே, அதுதான் உனக்குக் கஷ்டமாக இருக்கும். அந்தக் கண்டக்டர் ஏறி உன்னை இறக்கட்டும், மேஸ்திரி கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். அவரால் முடிந்தால் அவர் பெயரை எழுது. முடியாவிட்டால் ஏற முடிந்த இன்னொருவரைக் கேள், இல்லையென்றால் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டுத் தரையிலேயே நில். வேலை போனால் போகட்டும், பெட்டியோடு இங்கே வா, வேலிச் செடிகள் நிறைய இருக்கின்றன. மேஸ்திரி முகத்தைச் சுளித்தால் என் அம்மா ஒரு மாதிரி, நிமிடம் எழுதி அனுப்பாவிட்டால் கிளம்பி வந்துவிடுவாள் என்று சொல், பாதிக்கு மேல் உண்மைதான்.

காலையில் நீ ஏறும் மரம் எதுவானாலும் மாலையில் உன் காலாலேயே இறங்கி, பசியோடும் எரிச்சலோடும் யாரையாவது திட்டிக்கொண்டு அறைக்கு நடந்து போக வேண்டும், எனக்கு வேறு ஆசீர்வாதம் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கண்டக்டர் உன்னை இறக்கிப் பார்த்ததும் சிக்னல் கிடைக்கிற இடத்துக்குப் போய் எத்தனை நிமிடம் ஆயிற்று என்று மட்டும் ஒரு செய்தி அனுப்பு, மறக்காதே. அந்தக் கண்டக்டருக்கு என் வணக்கத்தைச் சொல். அவர் உன்னிடம் கூச்சப்பட்டு ஒன்றும் கேட்கமாட்டார், ஆகவே நீயே சொல்லிவிடு, பாதி வழியில் எல்லோருக்கும் கை நடுங்கும், அப்போது மரத்தைப் பார்க்க வேண்டாம், தரையைப் பார்க்க வேண்டாம், மேலே தொங்கும் ஆளின் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு ஏறினால் போதும்.

அன்புடன்,
அம்மா