ஒரு ரவை குறையும் கூடு

இல்-பிசார், மொன்றியல்
ஜனவரி 14

அன்புத் தம்பி சாரங்கனுக்கு,

அத்தான் எழுதுவது. நானும் உன் அக்கா குணேஸ்வரியும் சுகம். வதனியும் உன் மகள் மேனுகாக் குட்டியும் அந்த வல்-டோர்க் குளிருக்குள் வாடாமல் இருப்பார்கள் என்று நம்புகிறோம். இதை நான் போனில் சொல்லியிருக்கலாம். போனில் எதைச் சொன்னாலும் நீ "ஓம் அத்தான், ஓம் அத்தான்" என்று வைத்துவிடுவாய், பேந்து உன் எண்ணப்படியே செய்வாய். காகிதத்துக்கு ஓம் போட முடியாது.

உன் பிஸ்டலுக்கு மேலதிக ரவைக்கூடு, தோட்டா நிரப்பும் அந்த மகசின், நான்கு, பழுது வராததாகப் பார்த்து வாங்கச் சொல்லியிருந்தாய். வில்லரேக் கடையில் சட்டி பானை, பூட்டு விற்ற நாளிலிருந்து சாமான் பார்த்து வாங்குவதுதான் எனக்குச் சோறு போட்டது. ஆகவே சொல்கிறேன், கேள். பிஸ்டலைச் செய்தவனே செய்த கூட்டைத்தான் வாங்க வேண்டும். கைத்துவக்கு வாங்கல் விற்றலைச் சட்டம் நிறுத்திய பிறகு, கையில் இருக்கும் ஒன்றோடுதான் நாங்கள் காலம் தள்ள வேண்டும். அதற்கு மலிவென்று கண்ட கம்பனிக் கூட்டையும் கட்டிவைக்கக்கூடாது.

வாங்கும்போது கூட்டின் வாயைப் பார். ரவையைப் பிடித்து நிற்கும் இரண்டு விளிம்பும் ஒரே அளவாக வளைந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் விரிந்திருந்தால் ரவை மூக்கைத் தூக்கிக்கொண்டு இடறும். உள்ளே ரவையைத் தள்ளும் தட்டை விரலால் அழுத்திவிட்டால் அது தயங்காமல் மேலே வர வேண்டும். பாதியில் நின்று யோசிக்கும் கூடு வேண்டாம். நிரப்பி வைத்தால் ஸ்பிரிங் செத்துப்போகும் என்று துவக்குச் சுடும் கழகத்துக் கிழவர்கள் சொல்வார்கள். அது சும்மா கதை. நிரப்பி நிரப்பி வெறுமையாக்குவதுதான் ஸ்பிரிங்கைத் தின்னும். எல்லாவற்றுக்கும் மேல், சுட்டுப் பார். சுட்டுப் பார்க்காத கூட்டை நம்புகிறவன் தட்டிப் பார்க்காமல் தேங்காய் வாங்குகிறவன். ஒவ்வொன்றின் அடியிலும் நான் அக்காவின் நகப்பூச்சால் இலக்கம் போட்டு வைப்பேன். இடறினால் எது இடறியதென்று தெரியும், பிஸ்டலைத் திட்டத் தேவையில்லை.

ஆனால் தம்பி, நீ சொன்ன பழுது இதில் எதிலும் சேராது. கூட்டை நிரப்பி இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறாய். சனிக்கிழமை திறந்து பார்த்தால் மேலே இருந்த ரவை இல்லை. வாரா வாரம் இப்படித்தான், கூடுதான் பழுது, நல்லதாக நாலு வாங்கித் தாங்கோ என்கிறாய். ரவையை இடறவைக்கும் கூடு உண்டு, இரண்டை ஒன்றாகத் தள்ளும் கூடும் உண்டு. பூட்டிய பெட்டிக்குள் இருந்துகொண்டு ரவையை வெளியே அனுப்பிவிடும் கூட்டை நான் எந்தக் கடையிலும் காணவில்லை. பெட்டியின் திறப்பும் உன் கழுத்துச் சங்கிலியில் கிடக்கிறது.

கழகத்தில் என்னோடு சுடும் மட்டக்களப்பு றெனோல்டிடம் உன் ஓடரைச் சொன்னேன். "என்ன மச்சான், உன்ர மச்சினன் படைக்கு ஆள் சேர்க்கிறானோ?" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடையில் ஒரு பூட்டுக் கேட்டு வருகிறவன் திறப்பைத் தொலைத்தவன். நாலு பூட்டுக் கேட்டு வருகிறவன் நித்திரையைத் தொலைத்தவன். நீ அங்கே கழகத்துப் பக்கம் போயே வருசமாகிறது என்று வதனி அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். சுடாதவனுக்கு நாலு கூடு என்னத்துக்கு?

புதுக் கூடுகளை லவாலில் நான் பார்த்து வைக்கிறேன். அதற்கு முதல், அந்த ரவை குறையும் பழைய கூட்டை வெறுமையாக்கி பஸ் பார்சலில் எனக்கு அனுப்பு. பழுதைக் கண்ணால் காணாமல் நான் மாற்றுச் சாமான் கொடுப்பதில்லை, அது உனக்கும் தெரியும்.

குளிருக்குக் காதை மூடு. சாப்பாட்டைத் தவறவிடாதே. கோணேசர் துணையிருப்பார்.

அன்புடன்,
அத்தான் அருமைராசா

*

இல்-பிசார்
பெப்ரவரி 6

தங்கச்சி வதனிக்கு,

அருமைராசா அண்ணை எழுதுவது. மேனுகாவுக்கு அனுப்பும் குளிர்ச் சட்டைக்குள் இந்தக் கடிதத்தை மடித்து வைத்திருக்கிறேன். பிள்ளையின் உடுப்புப் பொதியைச் சாரங்கன் பிரிக்க மாட்டான் என்ற தைரியம்தான். வாசித்தவுடன் கிழித்துவிடு.

ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த ரவையை நீதான் எடுக்கிறாய் என்று நினைத்தேன். அவன் குளிக்கும்போது சங்கிலியைக் கழற்றுவான், பயத்தில் பெண்பிள்ளை ஒன்றொன்றாக எடுத்து எறிகிறாள், கெட்டிக்காரி என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டும் இருந்தேன். இப்போது அந்த நிச்சயம் போய்விட்டது.

அவன் அனுப்பிய கூடு வந்து சேர்ந்தது. ஆறு உறைந்து படகு ஓடாத காலமென்பதால் பாலத்தால் சுற்றிக் கழகத்துக்குக் கொண்டுபோய், என்னிடமுள்ள அதே வகைப் பிஸ்டலில் நானும் றெனோல்டும் மாறி மாறி நிரப்பிச் சுட்டோம். ஒருமுறைகூட இடறவில்லை. என் சொந்தக் கூடுகளே அவ்வளவு சுத்தமாக வேலை செய்யாது. இலக்கம் போடும் இடத்தில் அவன் நகப்பூச்சால் 'கி' என்று எழுதியிருக்கிறான். முந்தி நான் கண்ட மற்றக் கூடுகளுக்கு ஒன்று, இரண்டு என்று போட்டவன் இதற்கு மட்டும் ஏன் எழுத்துப் போட்டான் என்று யோசித்தபடி, துடைப்பதற்காக அடித்தட்டைக் கழற்றி ஸ்பிரிங்கை வெளியே எடுத்தேன்.

உள்ளே சோறு இருந்தது, தங்கச்சி. சமைத்த சோற்றுப் பருக்கைகள், காய்ந்து, இரும்போடு ஒட்டிப்போய். றெனோல்ட் முதலில், "சோறு திண்ட துவக்கை இண்டைக்குத்தான் காணுறன்" என்று பகிடி விட்டான். பேந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு சிலுவை போட்டுக்கொண்டான். தூசி போகும், எண்ணெய் போகும், மண்ணும் போகும். சோறு போவதென்றால், ரவையைத் தொட்ட கை அதற்குமுன் சோற்றைப் பிசைந்திருக்க வேண்டும்.

பருக்கைகளைத் தாளில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து அக்காவிடம் காட்டினேன். அவ அடுப்பை அணைத்துவிட்டுக் கதிரையில் இருந்தா. 'கி' என்ற எழுத்தைச் சொன்னதும் எழும்பி அறைக்குள் போய்விட்டா. கிரியைப் பற்றிச் சாரங்கன் உனக்கு எவ்வளவு சொல்லியிருக்கிறானோ தெரியாது. அக்காவுக்கும் சாரங்கனுக்கும் நடுவில் பிறந்தவன். யுத்தம் முடிந்த கையோடு வவுனியாவில் விசாரணைக்கென்று அவனையும் சாரங்கனையும் பஸ்ஸில் ஏற்றினார்கள். ஏறும்போது சாரங்கன்தான் பக்கத்தில் நின்றான், அவனை இறக்கிவிட்டார்கள். கிரி இறங்கவில்லை, இன்றுவரை.

என் மாமி, அதாவது இவர்களுடைய அம்மா, கடைசிமட்டும் அவனுக்கு ஒரு காரியமும் செய்ய விடவில்லை. "நான் எள்ளுத் தண்ணி இறைச்சா நான்தான் அவனைச் சாகடிச்சதாகும்" என்று சொல்லிவிட்டா. சனிக்கிழமைகளில் காகத்துக்குச் சோறு வைப்பார்கள். போனவர்களுடைய பங்கு வெளியே போகும். கிரியின் பங்கைக் கோப்பையில் போட்டு வீட்டுக்குள்ளேயே வைப்பா. வெளியே போனால் அவன் போனவர்களில் சேர்ந்துவிடுவான் என்பது அவவின் கணக்கு. மாமி கண் மூடியபோதும், பிதிர்களின் பேர் சொல்லி ஐயர் மந்திரம் சொன்னபோது, கிரியின் பேரைச் சொல்லவும் இல்லை, சொல்லாமல் விட்டதைப் பற்றி யாரும் கதைக்கவும் இல்லை. அப்படியே விட்டது எங்கள் எல்லாருடைய பிழையும்.

இப்போது நீ எனக்கு ஒன்று சொல்ல வேண்டும். சனிக்கிழமைகளில் உங்கள் வீட்டில் யார் காகத்துக்குச் சோறு வைக்கிறீர்கள்? எங்கே வைக்கிறீர்கள்? அந்தச் சோற்றுக்குப் பக்கத்தில் எதையாவது கண்டாயா? அவன் தன் கடையில் நிற்கும்போது அக்காவுக்குப் போன் எடுத்துச் சொல்லு. பயப்படும்படி ஒன்று நடந்தால், புருசனைக் காட்டிக்கொடுக்கிறேனே என்று யோசியாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போ, அவசர இலக்கத்துக்கு அடி. மானம் மரியாதையை நான் பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

சட்டை ஒரு அளவு பெரிதாகத்தான் எடுத்தேன். பிள்ளை வளரும்.

கடவுள் உங்கள் இருவருக்கும் காவல்.
அண்ணை

*

வல்-டோர் போகும் வழியில்
பெப்ரவரி 20

என் அன்புத் தம்பி சாரங்கன்,

இந்த உறையில் முத்திரை இல்லை. தபால்காரனை நம்பவில்லை, என் வாயையும் நம்பவில்லை. உன் முகத்தைப் பார்த்தால் நான் வியாபாரம் கதைக்கத் தொடங்கிவிடுவேன். அதனால் அக்கா கார் ஓட, நான் மடியில் வைத்து எழுதிக்கொண்டு வருகிறேன். எழுத்து ஆடியிருந்தால் அது ரோட்டின் குற்றம். இதை உன் கையில் தந்துவிட்டு, உன் கடையில் உனக்கு முன்னால் உள்ள கதிரையில் இருப்பேன். முழுவதையும் வாசி.

வதனி எல்லாம் சொன்னாள். அவளைக் கோபிக்காதே, கேட்டது நான். பின்பக்கப் பல்கனியின் கைபிடிக் கட்டையில் சனிக்கிழமை விடிய ஒரு பிடி சோறு இருக்குமாம். அதன் நடுவில், நெய் விடக் குழி கிள்ளுவோமே, அந்தக் குழியில் ஒரு ரவை நிமிர்ந்து நிற்குமாம். முதல்முறை நீ ஏதோ மறந்து வைத்தாய் என்று எடுத்து எறிந்திருக்கிறாள். பேந்து ஒவ்வொரு சனியும். நீயோ ரவை குறைகிறதென்று கூட்டைப் பேசிக்கொண்டிருக்கிறாய். அவளுக்கு உன்னிடம் கேட்கப் பயம், கேட்காமல் இருக்கவும் பயம்.

"அண்டங்காகங்கள் மரம் நிறைய வந்திருக்குது அக்கா, ஒண்டும் கிட்ட வருதில்லை, கத்துறதும் இல்லை" என்று சொன்னாள். பல்கனியில் முழங்கால் அளவுக்குப் பனி கிடக்கிறதாம். கட்டைவரை ஒரு கால் அடையாளமும் இல்லையாம். கதவடியில் நின்று எட்டினால் கட்டைக்குக் கை போகாது. நான் அதற்கு ஒரு விளக்கம் தேடிப் பார்த்தேன். காற்று அடித்து மூடியிருக்கும், புதுப் பனி விழுந்திருக்கும் என்றெல்லாம் சொன்னேன். அவள், "விடியத் தொடக்கம் நான் யன்னலடியிலைதான் நிண்டனான், அண்ணை. காத்தும் இல்லை, பனியும் விழேல்லை. திரும்பிப் பாலைக் கலக்கிப்போட்டுப் பாத்தன், சோறு இருந்தது. அவர் கட்டிலிலை கிடந்தார்" என்றாள். அதோடு என் கடை மூடிவிட்டது, தம்பி. விற்பதற்கு என்னிடம் வேறு விளக்கம் இல்லை.

அது நித்திரையில் எழும்பும் உன் கையென்றால் அதற்கு டொக்டர் இருக்கிறார். உன் கை இல்லையென்றால் எனக்குப் பதில் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. எப்படியென்றாலும் நான் செய்யப்போவது ஒன்றுதான்.

ஏனென்றால் போன சனிக்கிழமை கட்டையில் சோறு இரண்டு பிடி இருந்திருக்கிறது. ரவையும் இரண்டு. வதனி அதைச் சொல்லும்போது அழவில்லை. ஒரு சின்ன விசயம் போலத்தான் கடைசியில் சொன்னாள், இரண்டாவது பிடியின் ஓரத்தில் தேசிக்காய் ஊறுகாய் வைத்திருந்தது என்று. அக்கா போனைக் கீழே போட்டுவிட்டா. கிரி ஊறுகாய் தொடாதவன். எங்கள் வீட்டில் ஊறுகாய் இல்லாமல் சோற்றில் கை வைக்காத ஆள் ஒருவன்தான். அவன் உயிரோடு இருக்கிறான், கடை நடத்துகிறான், அவனுக்கு ஒரு பிள்ளை இருக்கிறது. அவனுக்கு யாரும் வெளியே சோறு வைக்கத் தேவையில்லை.

நீ கேட்ட நாலு கூடும் வாங்கியாயிற்று. வாய் விளிம்பு, தட்டு, ஸ்பிரிங் எல்லாம் பார்த்து, சுட்டும் பார்த்தேன். ஒரு குறையும் இல்லாத சாமான். அவை இல்-பிசாரில் என் பெட்டிக்குள் கிடக்கின்றன, அங்கேயே கிடக்கும். பழுதான சாமானைக் கொடுக்க மறுத்திருக்கிறேன். பழுதில்லாததால் கொடுக்க மறுப்பது இதுதான் முதல் தடவை.

பிஸ்டலை என் பெயருக்கு மாற்றச் சட்டம் விடாது. பொலிசாரோடு கதைத்துவிட்டேன். நாங்களாகக் கூப்பிட்டுக் கொடுத்தால் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள், வழக்கில்லை, வம்பில்லை. இன்றைக்கே கூப்பிடுவோம். பிறகு நீங்கள் மூன்று பேரும் எங்களோடு மொன்றியலுக்கு வருகிறீர்கள். கடைக்கு றெனோல்டின் பெறாமகன், தமையனின் மகன் டினோஜன், நாளை பஸ்ஸில் வருகிறான். கல்லாவில் கை வைக்காத பெடியன், பிரெஞ்சும் நன்றாகக் கதைப்பான். சாட்டுச் சொல்ல உனக்கு நான் இடம் வைக்கவில்லை.

கிரியைப் பற்றி ஒரு சொல். அன்றைக்கு உன்னை இறக்கிவிட்டதை நீ களவெடுத்த சாமான் மாதிரி இவ்வளவு காலமும் ஒளித்து வைத்திருக்கிறாய். இறக்கிவிட்டது அவர்கள், நீ இறங்கி ஓடவில்லை. அக்காவும் இதையேதான் சொல்லச் சொல்கிறா. அவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்வதா, இன்னும் பார்த்திருப்பதா என்பதை நீங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் இருந்து கதைத்து முடிவெடுங்கள். நான் வாய் வைக்க மாட்டேன். அவன் எங்கே இருந்தாலும், நீ தன்னிடம் வரவேண்டும் என்று கேட்கிற ஆள் இல்லை. தன் பங்கு மீனைக்கூட உன் கோப்பையில் போட்ட பிள்ளை என்று மாமியே சொல்லியிருக்கிறா.

இப்போது அக்கா கடைக்கு மேலே வீட்டில் வதனியோடு இருப்பா. மேனுகா புதுச் சட்டையோடு ஓடித்திரியும் சத்தம் கேட்கும். நான் உனக்கு முன்னால் இருக்கிறேன், அவசரமில்லை, வாடிக்கையாளர் வந்தால் வரட்டும். கடிதம் முடிந்துவிட்டது. தலையை நிமிர்த்து, சங்கிலியைக் கழற்று, அந்தத் திறப்பை என் கையில் தா, ராசா.

நீடூழி வாழ்க.

உன்னை உயிரோடு வேண்டும் என்று கேட்கும்,
அத்தான்