முப்பத்திரண்டாவது துண்டு

18.1.94, செவ்வாய்

பனி. மலையில் பாதியைக் காணோம். தேரடி வீதியில் ஆணி, கலர் நூல் வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை ஸ்கூல் கண்காட்சியில் என் விதியை வைக்கிறார்கள். வட்டத்தின் மேல் புள்ளிகள் வைத்து, எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கோடு போட்டு இணைத்தால் வட்டம் எத்தனை துண்டாகும்? எண்ணியது வரை: 2 புள்ளிக்கு 2. 3க்கு 4. 4க்கு 8. 5க்கு 16. ஒவ்வொரு தடவையும் இரட்டிப்பு. ஆறுக்கு 32 என்று எண்ணாமலே சொல்லிவிட்டேன். ஜோதி டீச்சரும் சார்ட்டில் எழுதிவிட்டார்.

கணக்கு டீச்சர் என்னைக் கணக்கில் சேர்த்துக்கொண்டது இதுதான் முதல் தடவை. போன மாதம் மணியை முன்கூட்டியே அடித்து மொத்த ஸ்கூலையும் வீட்டுக்கு அனுப்பியதற்கு ஹெச்.எம். என் டி.சி.யைக் கிழிக்கப் பார்த்தார். டீச்சர்தான் குறுக்கே நின்றார். மூளை இருக்கிற பையன், நான் பொறுப்பு என்றார்.

19.1.94, புதன்

பலகையில் ஆறு ஆணி. நூல் கட்டியாச்சு. எண்ணினேன். 31.

மறுபடி. 31.

பக்கத்து சீட் பாஷாவை எண்ணச் சொன்னேன். அவனுக்கும் 31. "ஒண்ண மாடு தின்னுட்டிருக்கும் மச்சி" என்றான்.

ஆணிகளைப் பிடுங்கிச் சம இடைவெளியில் அடித்தேன். 30. இன்னும் கம்மி. கோணல்மாணலாக அடித்தேன். 31. ஏழு ஆணி அடித்தால் 64 வரணும். 57. ஏழாவதைப் பிடுங்கிப் போட்டேன். பாஷா டியூஷன் என்று கழன்றுகொண்டான்.

அந்த ஒரு துண்டு கிடைக்காவிட்டால் தலையில் துண்டு போட்டுக்கொண்டு போக வேண்டியதுதான்.

சாப்பாடு உப்புமா.

20.1.94, வியாழன்

டீச்சரிடம் சொன்னேன். நம்பவில்லை. நான் வாயைத் திறந்தாலே நாற்காலியில் பசை இருக்கிறதா என்று பார்க்கிற ஸ்கூல் இது. ஒரு நூலை நானே அவிழ்த்திருப்பேன் என்று சிரித்தார். எண்ணிப் பாருங்கள் என்று கெஞ்சியதும் சிரிப்பு போய்விட்டது.

"வெளையாடாதடா. உனக்காக ஹெச்.எம்.கிட்ட எவ்ளோ பேச்சு வாங்கியிருக்கேன் தெரியுமா? நாளைக்கு என் மானத்த வாங்கிடாத."

பலகையை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

21.1.94, வெள்ளி

வேங்கிக்கால் ஆபீசிலிருந்து ஜீப்பில் கல்வி அதிகாரி. டீச்சர் என் தோளில் கை வைத்து விளக்கினார். ஆறு புள்ளிக்கு முப்பத்திரண்டு, இவனே கண்டுபிடித்தது என்று. வீட்டில்கூட என்னைப் பற்றி யாரும் அந்தக் குரலில் பேசியதில்லை. பேசாமல் இருந்திருக்கலாம்.

"முப்பத்தொண்ணுதான் சார். விதி தப்பு" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரியும். பையன் தமாஷ் பேர்வழி என்று சொல்லிக்கொண்டே ஹெச்.எம். அவரை எரிமலை மாடலுக்கு அழைத்துப் போனார். எரிமலை தேவைக்கு ஜாஸ்தியாகப் புகைந்தது. கூட்டம் அங்கே.

டீச்சர் திட்டவில்லை. சாக்பீஸ் எடுத்து, துண்டுக்கு ஒரு புள்ளியாக வைத்து எண்ணினார். கடைசி மூலையில் முப்பத்தொன்று. பலகையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். முந்தானையால் புள்ளிகளைத் துடைத்துவிட்டு மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.

பக்கத்திலேயே நின்றேன்.