உப்புத் தட்டும் உன் முறைப்பாடும்

திருகோணமலை,
ஞாயிற்றுக்கிழமை.

என் மகள் தினுஷாவுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் நானும் அப்பாவும் தம்பியும் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று இன்று காலைப் பூசையில் கேட்டேன், கோபத்தோடுதான் கேட்டேன். போனில் சொன்னால் நீ குறுக்கே கதைப்பாய், பிறகு நான் அழுவேன், நீ வென்றுவிடுவாய். அதனால் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன், பாதியில் விடாமல் வாசி.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட அதிபர் அப்பாவுக்குப் போன் எடுத்திருக்கிறார். அப்பா துறைமுக ஜெட்டியில் வேலையில் நின்றவர். உங்கட மகன்ர வகுப்புச் சுலோஜனா ரீச்சர் மேல நீங்கள் அனுப்பின முறைப்பாடு கல்வி அலுவலகத்துக்கு வந்திருக்கு, வாற வியாழக்கிழமை விசாரணை, நீங்களும் வரவேணும் என்றாராம். நான் ஒண்டும் அனுப்பேல்லையே ஐயா என்று அப்பா திகைத்துப்போய் நின்றிருக்கிறார். வந்த மெசேஜைத் திறக்கவே தம்பி டிலக்ஷனைக் கூப்பிடுகிற மனிசன், ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதினாராம். பின்னேரம் நான் போனபோது அதிபர் எனக்கு அதைத் தமிழில் சொன்னார். ரீச்சரைப் பற்றி நான் உன்னிடம் மட்டும் கதைத்த கதைகள் எல்லாம் அதில் இருந்தன. பெற்ற தகப்பனின் பெயரை அவருக்கே தெரியாமல் எடுத்து ஒரு மனிசியின் பிழைப்பில் கை வைக்க உனக்கு யார் படிப்பித்தது? நான் படிப்பிக்கவில்லை. அந்த ரீச்சரின் தாய் படுத்த படுக்கை. மகளைத் தூரத்துப் புல்மோட்டைப் பக்கம் மாற்றிவிட்டால் அந்த மனிசியைத் தூக்கிக் குளிக்கவார்க்க ரொறன்ரோவில் இருந்து நீ வருவாயா?

அவ படிப்பிப்பதே இல்லை, அடுத்தது என்ன என்று பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டு நிற்கிறா என்று எழுதியிருக்கிறாய். நான் போய் வகுப்பின் பின் வாங்கில் இருந்து பார்த்தவள், நீ பார்த்தாயா? வேலையைப் பலகையில் ஒருதரம்தான் எழுதுகிறா. பிறகு ஒவ்வொரு பிள்ளையும் தாளின் மூலையில் முதல் என்ன செய்வேன், என்ன தேவை, எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று தானே குறிக்க வேண்டும். கேள்வி கேட்டால் உடனே கையைத் தூக்கக் கூடாது, யோசித்து முடியும் வரைக்கும் கை மேசையில். ஒன்று பிழைத்தால் விடையைச் சொல்லமாட்டா, எந்த இடத்தில பிழைச்சது, வேற எப்படிச் செய்யலாம் என்று திருப்பிக் கேட்பா. இதற்கென்று தனிப் பாடம் கிடையாது, எல்லாம் அதே விஞ்ஞானத்துக்குள்ளும் அதே பின்னக் கணக்குக்குள்ளும்தான். நான் சொல்லச் சொல்லச் செய்யிற பிள்ளை, நான் இல்லாத இடத்தில என்ன செய்யும் றோஸ் அக்கா என்று என்னிடம் சொன்னவ. உன் நாட்டில் இதற்கே பெரிய பெயர் வைத்து ரீச்சர்மாருக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று போன வருடம் நீதானே பெருமையாகச் சொன்னாய், பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிறவள் நீ. அங்கே வெள்ளைக்காரி செய்தால் கெட்டித்தனம், இங்கே சுலோஜனா செய்தால் முறைப்பாடு. வெட்கமாக இல்லையா உனக்கு?

உனக்கு எங்கே சுட்டது என்று எனக்குத் தெரியும். அந்த உப்புத் தட்டு. கடல்தண்ணீரை வெயிலில் வற்றவைத்து உப்பு எடுக்க வேண்டும், தண்ணீரை எங்கே அள்ளுவது, தட்டை எங்கே வைப்பது, என்னவெல்லாம் பிழைக்கலாம் என்று பிள்ளைகளே யோசித்து எழுத வேண்டும். தம்பி மழையை யோசிக்கவில்லை. தட்டைத் தகரக் கூரையில் வைத்துவிட்டுப் பந்தடிக்கப் போனான், பின்னேரம் கொட்டின மழையில் எல்லாம் போய்விட்டது. அவன் அழுதுகொண்டு உனக்குக் கோல் எடுத்தான். நீ என்ன செய்தாய்? கடை உப்பைத் தட்டில் தூவி, தண்ணீர் தெளித்து, அடுப்படியில் காயவைத்துக் கொண்டு போ என்று வீடியோவில் நின்று காட்டிக்கொடுத்தாய். மா மாதிரி இருக்கிற பக்கற் உப்பு. ரீச்சர் குனிந்து பார்க்க முதலே, இது எங்கட குசினி உப்பு ரீச்சர், அக்கா சொன்னவ என்று அவனே சொல்லிவிட்டான். அவ ஏசவில்லை. புள்ளியும் போடவில்லை. உன்ர திட்டத்தில விட்டது என்ன எண்டு கண்டுபிடிச்சுத் திரும்பத் தொடங்கு என்று மட்டும் சொல்லி அனுப்பினா. அந்தக் கிழமையே நீ அப்பாவின் பெயரில் எழுதியிருக்கிறாய்.

நேற்றுத் தம்பி கதைத்துக்கொண்டிருக்கும்போதே உன் கோலைக் கட் பண்ணிவிட்டான், மரியாதை கெட்டுப் போச்சு என்று எனக்கு நீளமாக வொய்ஸ் அனுப்பினாய். அவன் ஏன் கட் பண்ணினான் என்று கேள். கொட்டியாரக் கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நான் குசினி வாசலில் வாயை மூடிக்கொண்டு நின்றேன், திறந்திருந்தால் மழை வருகுது ஓடு என்றுதான் சொல்லியிருப்பேன். யாரும் சொல்லாமல் அவனே எழும்பி ஓடி, இரண்டாந்தரம் வைத்த தட்டை இறக்கி மேசைக்குக் கீழே வைத்துவிட்டுக் கொப்பியை எடுத்தான். இன்று பூசை முடிந்து வந்து பார்த்தால் தட்டின் ஓரமெல்லாம் உப்பு, ஊத்தை நிறம், கொஞ்சம் கசப்பு. அம்மா நாக்கில வைச்சுப் பாருங்கோ என்று தந்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ தினமும் போனில் நின்று அவனுடைய பையை அடுக்கவைத்து, மணி அடித்து எழுப்பி, பாடம் ஒப்புவிக்கவைத்தாய், பாசத்தில்தான் செய்தாய், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அவனை உன் கையாலேயே நடக்கவைக்கப் பார்த்தாய், அது எனக்குப் பொறுக்கவில்லை.

அப்பாவுக்கு முழங்கால் நோ குறைவு, நீ அனுப்பின களிம்பு பூசுகிறார். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. மாதா உன்னைக் காப்பாற்றட்டும், நல்ல புத்தியும் தரட்டும். ஒன்றை மறக்காதே. புதன்கிழமைக்குள் நான்தான் அனுப்பினேன் என்று உன்னுடைய பெயரில் எழுதி அந்த முறைப்பாட்டைத் திருப்பி எடு, எடுத்துவிட்டுத் தம்பிக்கு நீயே சொல்லு. ரீச்சரைப் பற்றி ஆர் அம்மா எழுதினது என்று அவன் கேட்டபடி இருக்கிறான், நான் இன்னும் சொல்லவில்லை. வியாழக்கிழமை ரீச்சருக்காகக் கதைக்கத் தானும் வரப்போகிறானாம். நீ எடுக்காவிட்டால், எழுதினது யார் என்று அந்த அறையில் கேட்கும்போது அப்பா உண்மையைச் சொல்லுவார், தம்பி பக்கத்தில் இருந்து கேட்பான்.

கோபம் தீராமல்,
உன்னைப் பெற்ற அம்மா,
தம்பிராசா றோஸ்.