தாம்பூலப் பையில் கடுக்காய்க் கிளை

ஜூன் 9, 2025
சங்கராபுரம் பேன்சி ஸ்டோரில் ஆறு புட்டி துணிப் பெயின்ட் வாங்கினேன். பத்தொன்பது வருஷம் கழித்து. கல்யாணத்துக்கு முன் டிராயிங் பரீட்சை பாஸ் செய்தவள் நான்தானா என்று எனக்கே சந்தேகம். விசேஷ வீடுகளில் தாம்பூலத்தோடு கொடுத்த ரவிக்கைத் துணிகள் பீரோவில் குவிந்து கிடக்கின்றன. யாரும் தைத்துப் போடுவதில்லை. இங்கே வாங்கி அங்கே கொடுப்பதுதான். வெளிர் நிறமாக நான்கு எடுத்துக்கொண்டேன். தினமும் மதியம் ஒரு மணி நேரம். யாரையும் கேட்கப்போவதில்லை.

ஜூன் 10
எருக்கம்பூ வரைந்தேன். இது பூவா, பூரான் கடித்த தடிப்பா?

ஜூன் 15
அவரோடு வண்டியில் வெள்ளிமலை போய் வந்தேன். இறங்கும்போது வளைவில் நிறுத்தச் சொல்லி, பிஞ்சு விட்ட கடுக்காய்க் கிளை ஒன்றை ஒடித்தேன். "இத்தப் புடிச்சிக்கினே வூடு வரைக்கும் வரப்போறியா? பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?" என்றார். பிடித்துக்கொண்டேதான் வந்தேன்.

ஜூன் 24
கடுக்காய்க் கிளை முடிந்தது. சந்தன நிறத் துணியின் ஒரு மூலையில், கையகலம். இலை முதுகின் சாம்பல் பச்சை வந்துவிட்டது. வந்தேவிட்டது! அவரிடம் காட்டினேன். "ம். சோத்தப் போடு." பெயர் எழுதக் கூச்சமாக இருந்தது, விட்டுவிட்டேன். இஸ்திரி போட்டு, படம் உள்பக்கம் வரும்படி மடித்து வைத்தேன்.

ஜூலை 11
எடுத்து வைத்த துணி நான்கும் பீரோவில் இல்லை. நேற்று மூங்கில்துறைப்பட்டில் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. தாம்பூலத்துக்குத் துணி போதவில்லை என்று மாமியார் பீரோவிலிருந்து வாரிக்கொண்டு போயிருக்கிறார்.

"அத்த, அதுல நான் படம் போட்டிருந்தேன்."

"நான் இன்னா பிரிச்சா பாத்தேன்? ரவிக்கத் துணிதானேடி, போனா இன்னொண்ணு வரும்."

வயிறு எரியுது. யாருக்குக் குடுத்தாங்கன்னுகூடத் தெரியாதாம். இத்தினி வருசம் கழிச்சி ஒண்ணே ஒண்ணு உருப்படியா வந்துச்சு. அதுவுமா?

ஜூலை 12
வரையவில்லை.

ஜூலை 30
வரையவில்லை. யாராவது தைத்துப் போட்டிருக்கலாம் அல்லவா? பஸ்ஸில் ஏறும் பெண்களின் முதுகையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தேன். வெட்கங்கெட்ட பிழைப்பு.

ஆகஸ்ட் 29
சின்னசேலத்தில் ஒரு கிரகப்பிரவேசம். வீட்டுக்கு வந்து தாம்பூலப் பையைக் கொட்டினேன். தேங்காய், வெற்றிலை, அடியில் சந்தன நிறத் துணி. உள்ளே என் கிளை. நான் போட்ட மடிப்பு அப்படியே இருக்கிறது. ஏழு வாரம், எத்தனை வீடோ, ஒருத்தர்கூடப் பிரிக்கவில்லை. நல்லால்லன்னு தூக்கிப் போட்டிருந்தாக்கூடத் தாங்கிக்குவேன். பாக்கவே இல்லியே!

ஆகஸ்ட் 31
காலையிலேயே கத்தரிக்கோலை எடுத்தேன். கிளையைச் சுற்றிக் கையகலத்துக்கு வெட்டி, கீழே எழுதினேன்: அம்சவள்ளி. பீரோவில் மிச்சமிருந்த ஏழு துணிகளையும் அதே அளவில் துண்டு போட்டேன்.

மாமியார் பதறி ஓடி வந்தார். "நல்ல துணியப் போயி இப்படியாடி வெட்டுவ? இனிமே யாருக்கும் வெச்சிக் குடுக்க ஒதவாதே!"

"ஆமாங்க அத்த. அதுக்குத்தான்."

மதியம் மறுபடியும் எருக்கம்பூ. இன்னும் பூரான் கடித்த தடிப்புதான். பெயர் போட்டேன்.