48-ஆம் எண் கல்லறை இடம்

அனுப்புநர்:
த. சுகுமாறன்,
தாமான் செம்பாக்கா, கிள்ளான்.

பெறுநர்:
பொறுப்பதிகாரி,
மயானப் பிரிவு, கிள்ளான்.

பொருள்: பூங்காவனம் மயானக் குழுவின் கணினியில் பெயர் மாறியது, 48-ஆம் எண் இடத்தைத் தோண்டத் தடை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மனைவி தாமரை 2019-இல் பூங்காவனம் மயானத்தில் 47-ஆம் எண் இடத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அன்றே பக்கத்து இடமான 48-ஐ எனக்காகப் பதிவு செய்தேன். சென்ற மாதம் இருவருக்கும் சேர்த்துக் கல்லறை கட்ட அனுமதி கேட்டபோது, அந்த இடம் அய்யாவு பெயரில் இருப்பதாக எழுத்தர் புனிதா தெரிவித்தார். “கம்ப்யூட்டர்ல அப்படித்தான் காட்டுது அங்கிள், நான் என்னா செய்ய?” என்றார்.

2. அய்யாவு என் மனைவியின் அண்ணன். மயானக் குழு உறுப்பினர். எங்கள் திருமணத்துக்கு வராதவர்.

3. குழுவினர் எழுவரும் ஒரே பயனர் பெயரில், ஒரே கடவுச்சொல்லில் நுழைகின்றனர். கடவுச்சொல் திரையின் ஓரத்தில் ஒட்டப்பட்டுள்ளது. எனவே பதிவை மாற்றியவர் யாரென்று கணினியால் சொல்ல முடியாது. அய்யாவுதான் என்று நானும் சொல்லவில்லை. தாம் இல்லை என்று அவராலும் காட்ட முடியாது.

4. காப்பு நகல் உண்டா என்று கேட்டேன். உண்டு. வெள்ளிதோறும் புதிய நகலைப் பழையதன் மேலேயே எழுதுகிறார்கள். ஆகவே இப்போது இரண்டு இடங்களில் அய்யாவு பெயர் பத்திரமாக உள்ளது.

5. நான் பாலிடெக்னிக்கில் பதினாறு ஆண்டுகளாகக் கணினிப் பாதுகாப்பு கற்பிப்பவன். 2022 பொதுக்கூட்டத்தில், ஆளுக்கொரு கடவுச்சொல் வேண்டும் என்றேன். தலைவர் ராஜன், “செத்தவங்க லிஸ்ட எவன் வந்து ஹேக் பண்ணப் போறான் வாத்தியாரே?” என்றார். நாற்பத்தொரு பேர் சிரித்தனர். அவர்கள் பெயர்ப் பட்டியல் என்னிடம் உள்ளது.

6. 48-க்கான ரசீதும் என்னிடம் உள்ளது. வெப்பத்தாளில் அச்சானதால் எழுத்து முழுதும் மறைந்து, இப்போது வெறும் வெள்ளைத்தாள். நான் நகல் எடுத்து வைக்கவில்லை. இதை மேற்படி நாற்பத்தொருவருக்குத் தெரிவிக்க வேண்டாம்.

7. அய்யாவு ஒரு வாரமாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார். அவர் குணமடைய நாள்தோறும் வேண்டுகிறேன். இதற்குமுன் அவருக்காக வேண்டியதில்லை.

8. கணினியில் அழிந்த பதிவு உடனே போய்விடாது. அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை வன்தட்டில் கிடக்கும், பெரும்பாலும் மீட்கலாம். ஆகவே அக்கணினியை இன்றே நிறுத்தி, நிபுணர் ஒருவர் சோதிக்க உத்தரவிடுங்கள். முடிவு தெரியும்வரை 48-ஐ யாருக்காகவும் தோண்ட அனுமதிக்காதீர்கள். தோண்டி மூடியதை மீட்க என் துறையில் வழியில்லை.

9. அவசரம் நேர்ந்தால் அய்யாவுக்கு 112-ஆம் எண் இடம் காலியாக உள்ளது. நேரில் போய்ப் பார்த்தேன். நல்ல நிழல்.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
சுகுமாறன் த/பெ தம்புசாமி

இடம்: கிள்ளான்
நாள்: 14.8.2025